லேப்டாப் வாங்குமுன்: பிராண்டையும் விலையையும் எடைபோடும் முறை

"எந்த பிராண்ட் லேப்டாப் நல்லது?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது, ஏனென்றால் கேள்வி பாதிதான் வந்திருக்கிறது. லெனோவோ என்ற ஒரே பெயரில் மலிவு வரிசையான ஐடியாபேடும் வருகிறது, அலுவலக வரிசையான திங்க்பேடும் வருகிறது. டெல்லில் இன்ஸ்பிரானும் லாட்டிட்யூடும், எச்பியில் பவிலியனும் எலைட்புக்கும், ஏசரில் ஆஸ்பயரும் டிராவல்மேட்டும், ஆசஸில் விவோபுக்கும் எக்ஸ்பர்ட்புக்கும் அப்படித்தான். மூடியில் லோகோ ஒன்று. உள்ளே ஹிஞ்ச் (மூடியைத் திறந்து மூடும் கீல்), மதர்போர்டு, பேட்டரி, உதிரிபாகம் கிடைக்கும் வசதி எல்லாம் வேறு வேறு. ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசைக்கும் அலுவலக வரிசைக்கும் உள்ள தூரம், பல நேரம் இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் உள்ள தூரத்தைவிட அதிகம். அதனால் எடைபோட வேண்டியது வரிசையை, அதற்குள் மாடலை, அதற்குள் அது வெளியான வருடத்தை.

பிராண்ட் தரவரிசைப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு போதும். 2009இல் அமெரிக்க வாரன்டி நிறுவனமான ஸ்கொயர்டிரேட், 30,000க்கும் மேற்பட்ட லேப்டாப்களின் பழுதுக் கணக்கை வெளியிட்டது. மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பழுதாகிறது. அதில் கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது போன்றவை போக, தானாகக் கெட்டவை மட்டும் மொத்த லேப்டாப்களில் சுமார் 20 சதவீதம் என்றது அந்தக் கணக்கு. பட்டியலின் தலையில் ஆசஸும் தோஷிபாவும், கடைசியில் எச்பி. முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் வித்தியாசம் சுமார் 10 சதவீதப் புள்ளிகள். அந்தப் பட்டியலை நம்பி இன்று என்ன செய்ய முடியும்? தோஷிபா 2020இல் லேப்டாப் தொழிலை விட்டே முழுதாக வெளியேறிவிட்டது. பட்டியலில் இருந்த சோனியும் 2014இல் தன் லேப்டாப் பிராண்டான வையோவை விற்றுவிட்டது. பட்டியல் தயாராகும்போது அளக்கப்படுவது இரண்டு மூன்று வருடப் பழைய மாடல்கள். நீங்கள் வாங்கப்போவது வேறு.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களைத் தயாரித்துக் கொடுப்பவை குவான்டா, காம்பால், விஸ்ட்ரான் போன்ற தைவான் நிறுவனங்கள். சிப், பேனல், பேட்டரி செல் எல்லாம் பொதுச் சந்தையில் வருபவை. அதனால் ஒரு பாகத்தில் கோளாறு என்றால் பல பிராண்டுகளில் ஒன்றாக வெடிக்கும். 2008இல் என்விடியாவின் மொபைல் கிராஃபிக்ஸ் சிப்களில் பேக்கேஜிங் (சிப்பைப் பொதிந்து போர்டோடு இணைக்கும் பகுதி) பலவீனம் வெளியானபோது டெல், எச்பி, ஆப்பிள் மூன்றும் மாட்டிக்கொண்டன. விலை அதிகம் என்பதும் கவசம் ஆகாது: ஆப்பிள் 2015 முதல் 2019 வரை போட்ட பட்டர்ஃபிளை கீபோர்டு, சின்னத் தூசிக்கே சாவி சிக்கிக்கொள்ளும் ரகம். கடைசியில் நான்கு வருட இலவச ரிப்பேர் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய மேக்புக்குகளிலும் பிந்தையவற்றிலும் அந்தத் தொல்லை இல்லை. பழைய மேக்புக் தேடுபவர் பிராண்டைப் பார்த்து என்ன பயன், வருடத்தைப் பார்க்க வேண்டும்.

படி 1: எத்தனை வருடம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். எத்தனை வருடம் ஓட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பையில் தினமும் சுமக்கப்படுமா அல்லது மேஜையிலேயே இருக்குமா. தினமும் சுமக்கப்படும் மெஷினில் ஹிஞ்ச், சார்ஜிங் போர்ட், பேட்டரி முதலில் போகும். மேஜையில் நாள் முழுக்க ஓடும் மெஷினில் ஃபேனும் தூசியும்தான் எதிரி. எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை இந்த மூன்று வரிதான் சொல்லும்.

படி 2: வருடச் செலவைக் கணக்கிடுங்கள்

பில்லில் இருக்கும் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். கணக்கு இப்படி: விலை, கூடவே ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) அல்லது எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) கூட்டும் செலவு, நடுவில் ஒரு பேட்டரி, எதிர்பார்க்கும் ஒரு ரிப்பேர், மொத்தத்திலிருந்து கடைசியில் விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, ஓடும் வருடங்களால் வகுக்க வேண்டும்.

மலிவு வரிசை லேப்டாப்பின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 10, ஒரு ஹிஞ்ச் ரிப்பேர் 15, நான்கு வருடம் கழித்து விற்றால் 10. நிகரம் 115, வருடத்துக்கு 28.75. அலுவலக வரிசையில் ஒன்று 160 பங்கு, பேட்டரி 12, ஏழு வருடம் கழித்து விற்றாலும் 12 கிடைக்கிறது. நிகரம் 160, வருடத்துக்கு ஏறக்குறைய 23. அதே அலுவலக மாடலை மூன்று வருடம் ஓடிய நிலையில் 60க்கு வாங்கி, புதுப் பேட்டரிக்கு 12, எஸ்எஸ்டிக்கு 8 போட்டு, நான்கு வருடம் ஓட்டி 5க்கு விற்றால், வருடத்துக்கு 19க்கும் கீழே. இவை கணக்கு புரிவதற்கான எண்கள்; உங்கள் சந்தையின் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

இரண்டே வருடத்துக்குத்தான் வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகும். மலிவு மெஷினை 35க்கு விற்றால் வருடத்துக்கு 32.5, 160 பங்கு மெஷின் 75க்குப் போனாலும் வருடத்துக்கு 42.5. குறுகிய காலத் தேவைக்கு மலிவு வரிசையே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 3: சர்வீஸ் மேனுவலைத் திறந்து பாருங்கள்

மொத்த வேலையில் மிக முக்கியமான படி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். லெனோவோ, டெல், எச்பி மூன்றும் தங்கள் அலுவலக வரிசைகளுக்குப் பாகம் பாகமாகக் கழற்றும் முறை கொண்ட சர்வீஸ் மேனுவலை இலவசமாக வெளியிடுகின்றன. பல மலிவு வரிசைகளுக்கும் உண்டு. மாடல் பெயரோடு சர்வீஸ் மேனுவல் என்று சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். லெனோவோவின் பிஎஸ்ஆர்இஎஃப் தளமும் எச்பியின் குவிக்ஸ்பெக்ஸ் ஆவணமும் விவரப்பட்டியலுக்கு நம்பகமானவை. கடை விளம்பரத்தில் "16 ஜிபி ரேம்" என்று மட்டும் இருக்கும். அந்த ஆவணங்களில்தான் அது போர்டில் சால்டர் செய்ததா (நிரந்தரமாகப் பற்றவைத்ததா), ஸ்லாட்டில் செருகியதா என்று எழுதியிருக்கும்.

மேனுவலில் தேட வேண்டியவை:

ரேம். ஸ்லாட்டில் இருந்தால் பின்னால் கூட்டலாம், கெட்டால் கழற்றி மாற்றலாம். சால்டர் செய்த ரேம் கெட்டால், பொதுவாக மதர்போர்டு மாற்றச் சொல்வார்கள். மாடல் எண் தப்பினால் இந்த விவரமும் தப்பும். திங்க்பேட் டி480இல் இரண்டு ஸ்லாட். அடுத்து வந்த டி490இல் ஒன்று சால்டர், ஒன்று ஸ்லாட். பிறகு டி14 என்று பெயர் மாறி, ஐந்தாம் தலைமுறையில் 2024இல் மறுபடி இரண்டு ஸ்லாட் வந்தது. ஒரே வரிசைதான், வருடத்துக்கு வருடம் கதை மாறுகிறது. எல்பிடிடிஆர் (மின்சாரம் குறைவாக எடுக்கும்) வகை ரேம் என்று போட்டிருந்தால் அது சால்டர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். கழற்றக்கூடிய புதிய வடிவம் வந்திருந்தாலும் மிகச் சில மாடல்களில்தான் உள்ளது. இன்டெல்லின் லூனார் லேக் சிப்பிலும் ஆப்பிளின் எம் வரிசையிலும் ரேம் சிப்போடு ஒட்டியே வருவதால், வாங்கும் அன்றே போதுமான அளவுக்கு எடுத்துவிட வேண்டும்.

எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிறதா, நீளம் என்ன? 2280 (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்) என்றால் தேர்வு ஏராளம். 2242, 2230 அளவென்றால் தேர்வு சுருங்கும். மேக்புக் ஏரில் சேமிப்பகம் போர்டோடு சால்டர் ஆனது. அதில் பேக்கப் இல்லாமல் இருப்பது சூதாட்டம்.

கீபோர்டு. சில திங்க்பேட் டி வரிசை மாடல்களில் அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கீபோர்டைத் தள்ளித் தூக்கினால் வந்துவிடும். பல மலிவு மாடல்களில் கீபோர்டு மேல்மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கி அடித்துப் பொருத்தப்பட்டது. உதிரிபாகப் பட்டியலில் "டாப் கவர் வித் கீபோர்டு" என்று ஒரே பாகமாக இருந்தால் அர்த்தம் இதுதான்: ஒரு சாவி கெட்டாலும் முழு மேல்மூடியையும் வாங்கி, உள்ளே உள்ளதையெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும்.

சார்ஜிங் போர்ட். தனிச் சின்ன போர்டிலோ வயரோடு கூடிய ஜாக்கிலோ இருந்தால் மலிவான ரிப்பேர். மதர்போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் நல்ல டெக்னீஷியன் கை வேண்டும். டெல்லின் பழைய உருளை முனைச் சார்ஜரின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப்புக்கு சார்ஜர் அடையாளம் தெரியாது. கரண்ட் வந்தாலும் பேட்டரி ஏறாது, பிராசஸரும் மெதுவாகிவிடும். மதர்போர்டு போய்விட்டது என்று பயப்படும் முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாகப் பாக எண். லெனோவோவில் எஃப்ஆர்யு எண், டெல்லில் டிபிஎன் எண், எச்பியில் ஸ்பேர் பார்ட் எண். பேட்டரி, ஃபேன், ஹிஞ்ச், கீபோர்டு நான்குக்கும் இந்த எண்ணைப் போட்டு, சந்தையில் கிடைக்கிறதா, என்ன விலை என்று தேடுங்கள். வாங்கும் முன்பே பாகம் கிடைக்காத மாடல், நான்கு வருடம் கழித்துக் கிடைக்கவே போவதில்லை.

படி 4: ஹிஞ்ச்

மலிவு லேப்டாப்களின் சாவு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஹிஞ்ச் இரும்பு. அதை உடலோடு பிடித்து வைத்திருப்பது, பிளாஸ்டிக் தூணுக்குள் சூடாக்கிப் பதித்த சிறு பித்தளை நட்டுகள். திரை மெல்லியதாகவும் பெரியதாகவும் இருப்பதால், ஆடாமல் நிற்க ஹிஞ்சை இறுக்கமாக வைக்கிறார்கள். நாளாக ஆகக் கிரீஸ் காய்ந்து இறுக்கம் கூடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த விசை பித்தளை நட்டை மேல்நோக்கி இழுக்கும். ஒருநாள் "டக்" என்ற சத்தத்தோடு நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். அதன் பிறகும் திறந்து மூடினால் திரையின் ஓரச் சட்டம் பிளக்கும், டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும். ஒரு சின்ன நட்டில் ஆரம்பித்த செலவு திரை வரை போய்விடும்.

கடையில் பார்க்கும் முறை: மூடியின் நடுவில் பிடிக்காமல் ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் திறங்கள். மறுமூலை பின்தங்கி முறுக்கிக்கொண்டு வந்தால் மூடி பலவீனம். திறக்கும்போது ஹிஞ்சுக்குப் பக்கத்தில் மேல்மூடிக்கும் அடிமூடிக்கும் நடுவே இடைவெளி விரிகிறதா என்று கண்ணை வைத்துப் பாருங்கள். விரிந்தால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிடலாம். மேனுவலில் ஹிஞ்ச் உலோகச் சட்டத்தில் திருகப்பட்டிருப்பது தெரிந்தால் நல்லது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், சத்தம் கேட்டுவிட்டது என்றால் மூடுவதை நிறுத்துங்கள். அடிமூடியைக் கழற்றி, பிய்ந்த நட்டை இரண்டு பாக எபாக்ஸி பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு ஹிஞ்சின் இறுக்க நட்டைச் சிறிது தளர்த்தி மாட்டினால் பல வருடம் ஓடும். தளர்த்தாமல் ஒட்டினால் திரும்பப் பிய்யும். மூல காரணம் அந்த இறுக்கம்தான்.

"ராணுவத் தரம் 810எச்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சரிபார்த்துச் சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் இல்லை.

படி 5: சூடு, பேட்டரி, திரை

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்து முக்கியம். யூ என்றால் அடிப்படை மின்அளவு சுமார் 15 வாட், பி என்றால் 28, எச் என்றால் 45. மெல்லிய உடலில் ஒரே ஃபேனோடு எச் வகை சிப் இருந்தால், நீண்ட வேலையில் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு வீண். டைப்பிங், பிரவுசர், வீடியோ கால் மட்டும் என்றால் யூ வகையே போதும், சூடும் அதில்தான் குறைவு. கேமிங் லேப்டாப்பை அலுவலக வேலைக்கு வாங்குவது, எடையையும் சத்தத்தையும் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது.

பேட்டரியில் வாட்-அவர் (கொள்ளளவு) எண்ணைப் பாருங்கள். "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை விடுங்கள். ஒரே மாடல் 40ம் 57ம் என இரண்டு அளவில் விற்கப்படுவது சாதாரணம். விலை குறைவான சலுகையில் பெரும்பாலும் சின்னது இருக்கும். பல லேப்டாப் பேட்டரிகள் சில நூறு சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவில் கணிசமாக இறங்கும். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 1000 சுற்று என்று அறிவித்திருக்கிறது. மேஜையிலேயே செருகி வைப்பவர், லெனோவோ வான்டேஜ், மைஆசஸ் போன்ற நிறுவன மென்பொருளிலோ பயாஸிலோ (ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டச்பேட் கிளிக் ஆகாமல் மேலே தூக்கிக்கொண்டால் டச்பேடைக் குறை சொல்லாதீர்கள். அடியில் பேட்டரி உப்புகிறது. உடனே அணைத்து மாற்றுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது.

திரைக்கு ஒரு விதி: 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீத என்டிஎஸ்சி (நிற வீச்சு) என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும், ஜன்னலோரம் திரை மங்கலாகத் தெரியும். 300 நிட்ஸ் குறைந்தபட்சம். நிறம் பார்த்துச் செய்யும் வேலை என்றால் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற வீச்சின் அளவுதான்).

படி 6: விமர்சனங்களை வாசிக்கும் விதம்

வெளியான வாரத்தில் வரும் விமர்சனம் வேகத்தைச் சொல்லும், பழுதைச் சொல்லாது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்கள் எழுதியதை மட்டும் பிரித்துப் படியுங்கள். "மோசம்", "சூப்பர்" என்பவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே பாகம், ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கோளாறைச் சொன்னால் அது இயல்பான சிதறல். இடதுபக்க ஹிஞ்ச் பதினான்காம் மாதம் போனது என்று ஐந்து பேர் தனித்தனியாகச் சொன்னால் அது வடிவமைப்புக் குறை.

படி 7: வாரன்டி

வருடங்களை எண்ணுவதற்கு முன் வகையைக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து சரிசெய்வதா, நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதா, கூரியரில் அனுப்புவதா? பேட்டரிக்குத் தனிக் காலமா? பல நிறுவனங்கள் மூன்று வருட வாரன்டியிலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான் தருகின்றன. தவறி விழுவது, தண்ணீர் கொட்டுவது சாதாரண வாரன்டியில் வராது, அதற்குத் தனித்திட்டம் வாங்க வேண்டும். தினமும் சுமப்பவருக்கு அந்தத் தனித்திட்டம் பயனுள்ளது, மேஜையில் வைப்பவருக்கு வீண்.

படி 8: பழைய அலுவலக மெஷின் வாங்குவதாக இருந்தால்

கணக்கில் பெரும்பாலும் ஜெயிப்பது இதுதான், ஆனால் பொறிகளும் இதில்தான். காசு கொடுக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பூட்டு. ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் (தொலைவிலிருந்தே மெஷினைக் கண்காணித்துப் பூட்டும் வசதி) என்ற பகுதி செயலில் இருந்தாலும் வேண்டாம். மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக்கும் (முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டு) நிறுவன நிர்வாகப் பூட்டும் இல்லை என்பதை, எல்லாவற்றையும் அழித்து இணையத்தில் இணைத்துப் புதிதாகத் தொடங்கும் திரை வரை போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ் மெஷினிலும் புதிதாகத் தொடங்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தால் அது இன்னும் அவர்கள் கணக்கில் இருக்கிறது.

அடுத்து தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) வேண்டும். அதற்கு முந்தையது லினக்ஸ் போடுபவருக்கு மட்டும் லாபம்.

பிறகு பேட்டரி ரிப்போர்ட். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டிலிருந்தே எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்கள். இரண்டாவது முதலாவதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. 70க்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கிய சதவீதமும் ஓடிய மணி நேரமும் தெரியும்.

படி 9: வாங்கிய முதல் வாரம்

புதியதோ பழையதோ, திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் செய்து முடிக்க வேண்டியவை இவை. நிறுவனத்தின் உள்ளமைந்த சோதனையை ஓட்டுங்கள்: ஆன் ஆகும்போது டெல்லில் எஃப் 12 மெனுவிலிருந்து, எச்பியில் எஃப் 2, பல திங்க்பேடுகளில் எஃப் 10. எம் வரிசை மேக்கில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, தேர்வுத் திரை வந்ததும் கமாண்ட்டும் டியும் சேர்த்து அழுத்த வேண்டும். இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்; சால்டர் செய்த ரேமில் ஒரு பிழை என்பது பின்னால் ஒரு மதர்போர்டு. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, ஃபேனில் உரசும் சத்தம் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் எதையாவது செருகிப் பாருங்கள், டைப் சி என்றால் இரண்டு பக்கமும் திருப்பி. திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என முழு நிறங்களை ஓட்டிச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள்.

சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்டி தொடங்கிய தேதியையும் பாருங்கள். பல நேரம் அது தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய தேதியாக இருக்கும். கடையில் ஐந்து மாதம் கிடந்திருந்தால் ஐந்து மாதம் போச்சு. பில்லை ஸ்கேன் செய்து அனுப்பித் தேதியைத் திருத்தச் சொன்னால் பொதுவாகத் திருத்தித் தருவார்கள். பில்லில் சீரியல் எண் அச்சாகியிருக்க வேண்டும், அதைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.